வெட்டாமல் விட்ட நாற்பது

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எப்படியும் நீ அதைப் பற்றி உருப்படியாக ஒரு வரி எழுதப் போவதில்லை. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, அதனால் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று நாம் செய்த ஒப்பந்தம் நன்றாகவே வேலை செய்கிறது. கடிதத்தில் சண்டை வரப் பத்து நாளாவது ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் துணி அலமாரிக் கம்பி முறிந்துவிட்டது. குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் மொத்தமும் என் காலடியில். கம்பி மாற்ற வந்த தச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எத்தனை பேரும்மா இருக்கீங்க இந்த வீட்டுல?" என்றார். "நான் ஒருத்திதான்" என்றேன். அவர் துணிக் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் ஏதாவது கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை, அக்கா. அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

அவர் போன பிறகு எண்ணினேன். நூற்று முப்பத்தேழு உடுப்பு. பாதியை எப்போது வாங்கினேன் என்றே ஞாபகமில்லை. முப்பத்தொன்றில் விலைச்சீட்டு கூட அப்படியே தொங்குகிறது. அந்த முப்பத்தொன்றும் நீ அனுப்பியவை. நல்ல நாளைக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தது, நாலு வருஷமாக எனக்கு நல்ல நாளே வரவில்லை போலிருக்கிறது.

ஆகவே இந்த வருஷம் முழுக்க ஒரு நூல் கூடப் புதிதாக வாங்கப் போவதில்லை. இருப்பதை மட்டும் போடுவேன். அதிலும் ஒரு சட்டம்: கம்பியில் இடது கோடியில் என்ன தொங்குகிறதோ அதுதான் இன்றைக்கு. துவைத்ததும் வலது கோடிக்குப் போகும். பிடிக்கிறது பிடிக்கவில்லை என்ற பேச்சே கிடையாது.

உன் கடையில் மிச்சமாகிற துணியை வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள், நீ அதை எனக்கு அனுப்புகிறாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் வேண்டாம். பார்சல் வந்தால் திரும்பி வரும், சொல்லிவிட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு.

உன் வாயாடி


ஜனவரி 19

அடி வாயாடி,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அத்தான் ஓட்டுகிற பஸ்ஸை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதுத் தடத்தில் மேடு பள்ளம் அதிகம், அதையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் இறக்கி வைக்கிறார். எனக்கு வலது கட்டைவிரல் மறுபடியும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வேலை செய்கிற கைக்கு அதெல்லாம் வரத்தான் செய்யும். பெரிதாக விசாரித்து நாலு பக்கம் எழுதாதே.

உன் சபதத்தைப் படித்துச் சிரித்தேன். போன வருஷம் சர்க்கரை சாப்பிட மாட்டேன் என்றாய். அதற்கு முந்தின வருஷம் விடிகாலையில் ஓடப் போகிறேன் என்று ஷூ வாங்கினாய். அந்த ஷூ இப்போது எங்கே இருக்கிறது? அலமாரிக்குக் கீழேதானே?

இருப்பதைப் போட்டுக்கொள், நல்ல காரியம்தான். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நான் அனுப்புவதை நிறுத்து என்று மட்டும் சொல்லாதே. அதை நீ போட வேண்டும் என்று கூட இல்லை. வாங்கி உள்ளே வை, போதும். ஏன் என்று கேட்காதே. அனுப்பாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

நேற்று ஒன்று அனுப்பியிருக்கிறேன். நாலு உருப்படி. அதில் பச்சை நிறத்தில் ஒரு கோட்டு இருக்கிறது, தோளில் அழகான தையல். பார்த்துவிட்டுப் பேசு.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டைவிரல் எப்படி இருக்கிறது? நாலு பக்கம் எழுத மாட்டேன், ஒரே ஒரு வரி: டாக்டரிடம் காட்டு.

சபதம் ஓடிக்கொண்டிருக்கிறது, நீ சிரித்தாலும் சரி. முந்தாநாள் இடது கோடியில் எது இருந்தது தெரியுமா? தோழியின் கல்யாண விருந்துக்கு வாங்கினேனே, ஊதா நிறத்தில் ஜிகினா பதித்த நீள கவுன். செவ்வாய்க்கிழமைக் காலையில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு, அதைப் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்குப் பாதிப் பேருக்குக் கண் சரியாகத் தெரியாது, அதுதான் என் அதிர்ஷ்டம் என்று தைரியமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருட்டுக் கலர்ல என்னமோ போட்டிருக்கியேம்மா, துக்க வீட்டுக்குப் போயிட்டு வர்றியா?" என்று பாவமாகக் கேட்டார். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். "அடேங்கப்பா!" என்று நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு உனக்குப் பொறந்த நாளா?" என்றார். "இல்லைங்க, வரிசையில இன்னைக்கு இதுதான்" என்றேன். என்னைக் கண்ணாடி துடைக்கிற மூலைக்கு அனுப்பிவிட்டார். ஆனால் சாயங்காலம் வரை கழற்றவில்லை, அக்கா.

உன் பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. பிரித்தால் மனசு மாறிவிடும். அப்படியே உன் வீட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அலமாரியில் இடமில்லை என்பதால் இல்லை. ஒரு தடவையாவது நான் சொன்ன சொல்லில் நிற்க வேண்டும். சர்க்கரையும் ஷூவும் போதும்.

அத்தானின் முதுகுக்கு ஒத்தடம் கொடு.

வாயாடி


பிப்ரவரி 27

உனக்கு,

நாங்கள் நலம்.

பார்சல் வந்து சேர்ந்தது. அதோடு இன்னும் ஐந்து சேர்த்து இன்றைக்குத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். இதை என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. நானும் போட முடியாது. எனக்கு நாலு உடுப்பு இருக்கிறது, போதும். நீ வாங்கவில்லை என்றால் இவற்றை வாங்க வேறு ஆளில்லை. இதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

நீ நல்ல பெயர் வாங்குவதற்கு என் கையைக் கட்டாதே. உன் கடையில் ஜிகினா போட்டுக்கொண்டு நில், ஊரே சிரிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என்னிடமிருந்து வருவதைத் திருப்பி அனுப்புகிற வேலை வைத்துக்கொள்ளாதே. ரொம்ப வலிக்கிறது.

விரல் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாவது தடவை கோபம் வந்தது, மூன்றாவது தடவைதான் ஒரு வரி கண்ணில் பட்டது. உன்னிடம் நாலே உடுப்பா? ஊருக்கெல்லாம் துணி விற்கிற கடையில் நாலு வருஷமாக வேலை செய்கிறவளிடம் நாலு உடுப்பா? கடை கொடுக்கிற மிச்சத்தில் உனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ள உனக்குத் தோன்றவே இல்லையா? என்னை எதற்கு இப்படிக் கடன்காரியாக்குகிறாய்?

நூற்று முப்பத்தேழை வைத்துக்கொண்டு உனக்கு உபதேசம் செய்தேனே என்று வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உனக்கு அனுப்பினால் நீ எனக்கு அனுப்புவாய். எனக்கு அனுப்பினால் நான் உனக்கு அனுப்புவேன். தபால்காரர்தான் இளைத்துப்போவார். அதனால் அந்த ஒன்பதையும் நேராக உன் கடைக்கே அனுப்பிவிட்டேன். உன் பகுதி மேற்பார்வையாளர் பெயருக்கு, மரியாதையாக ஒரு கடிதமும் வைத்தேன். 'என் அக்காவுக்கு நீங்கள் கொடுக்கும் துணிகளுக்கு நன்றி. எனக்குத் தேவைக்கு மேல் இருப்பதால் திருப்புகிறேன். வேறு யாருக்காவது உதவட்டும்' என்று. விலைச்சீட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது, மடிப்பு கூடக் கலையவில்லை.

இனிமேல் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. பச்சைக் கோட்டை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். தையல் நிஜமாகவே அழகு.

விரலுக்கு என்ன சொன்னார்கள் என்று எழுது.

வாயாடி


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சினிக்கு,

அத்தான் எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நீ சௌக்கியமா?

உன் அக்கா ஒரு மாதமாக எழுதவில்லை என்று நீ பதறிப்போயிருப்பாய். அவள் வீட்டில்தான் இருக்கிறாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ கடைக்கு அனுப்பிய பார்சலை எல்லார் முன்னாலும் பிரித்திருக்கிறார்கள்.

அந்தக் கடை யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை, அம்மா. மிச்சமாகிற துணியை வெட்டிப் போடுவார்கள். வெட்டுவதுதான் உன் அக்கா வேலை. எனக்கே போன வருஷம்தான் தெரியும். விரல் வீங்கியதைப் பார்த்துவிட்டு நான் விடாமல் கேட்டதால் சொன்னாள். உனக்கு அனுப்பியதெல்லாம் அவள் வெட்டாமல் எடுத்து வந்தது.

உன்மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபம் இருந்தால் எழுதியிருப்பாள், உனக்குத் தெரியாதா. எழுத உட்காருகிறாள், பேனாவைத் திறக்கிறாள், மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறாள். அதனால் நான் எழுதுகிறேன். இதை நான் எழுதியது அவளுக்குத் தெரியாது.

சாப்பிடாமல் இருக்காதே.

அத்தான்


ஏப்ரல் 26

அக்கா,

அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உன் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். அதையும் மரியாதையாக, நன்றி சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பெரிய தியாகி மாதிரி அந்தக் கடிதத்தை எழுதிய கையை என்ன செய்தால் தகும்? எத்தனை தடவை சொன்னாய், ஏன் என்று கேட்காதே, வாங்கி வை என்று. எனக்கு என் சபதம்தான் பெரிதாக இருந்தது.

நான் புறப்பட்டு வருகிறேன். உன் மேலாளரைப் பார்த்து, கேட்டது நான்தான், எனக்காகத்தான் எடுத்தாள் என்று சொல்கிறேன். போலீஸுக்குக் கொடுப்பதென்றால் என்னைக் கொடுக்கட்டும். முதலாளியம்மாவிடம் லீவு கேட்டுவிட்டேன்.

ஒரு வரி எழுது, அக்கா. திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
தங்கை


மே 9

அடி வாயாடி,

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு மாதம் கத்தரிக்கோல் பிடிக்காததில் விரல் வீக்கம் வற்றிவிட்டது. உன் புண்ணியம்.

வராதே. கடைக்கு இன்னொரு கடிதமும் எழுதித் தொலைக்காதே. உன் கடித இலக்கியம் இதுவரை செய்தது போதும்.

நாலு வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. எங்கள் பகுதிக்குத் 'திரும்பிய சரக்கு' என்று பெயர். கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. நீள மேசைக்கு ஐந்து பேர். வாங்கினவர்கள் திருப்பியதும், பருவம் முடிந்து விற்காமல் நின்றதும் பெட்டி பெட்டியாக வரும். ஒரு கறை இருக்காது, ஒரு பொத்தான் குறையாது. இருந்தாலும் வெட்ட வேண்டும். மேல்சட்டை என்றால் முதுகில் மேலிருந்து கீழ்வரை ஒன்று, கைக்கு ஒவ்வொன்று. பேன்ட் என்றால் காலுக்கு ஒவ்வொன்று. பிறகு சாக்கு. ஒரு நாளைக்கு ஒரு ஆள் நூற்றைம்பதுக்குக் குறையக் கூடாது. ஏன் வெட்ட வேண்டும் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "நம்ம பேரு போட்ட துணி கண்ட இடத்துல மலிஞ்சு கிடந்தா நம்ம பேரு என்ன ஆகும்?" என்றார் மேற்பார்வையாளர். கேட்டதோடு சரி. மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டும், தலையை ஆட்டிவிட்டு வெட்டினேன்.

சில துணிக்குக் கை வராது. யாரோ கண் வலிக்கத் தைத்தது தெரியும், காலர் திருப்பிய விதத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த மாதிரி துணியை மட்டும், மாசத்துக்கு ஒன்றுக்கு மேல் போகாமல், எடுத்துவிடுவேன். எப்படித் தெரியுமா? என் உடுப்புக்கு மேல் அதைப் போட்டு, அதற்கு மேல் கடை யூனிபார்மைப் போட்டுக்கொண்டு வெளியே வருவேன். ஆக, நான் அனுப்பி உன் அலமாரியில் இருக்கிற ஒவ்வொன்றையும் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் நான் ஒரு தடவை போட்டிருக்கிறேன். புதுத்துணி என்று நீ பூட்டி வைத்ததெல்லாம் புதிதே இல்லை.

நீ வாங்கிக்கொள்கிறாய் என்ற ஒரே நினைப்பில்தான் மற்றதை வெட்டினேன். நீ நிறுத்து என்றதும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது, ஒரு மாதத்தில் ஐந்து எடுத்தேன்.

விசாரணை இருபத்திரண்டாம் தேதி. வேலையைத் திருப்பித் தருகிறார்களாம். 'ஆசைப்பட்டு எடுத்தேன், தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே மேசையில் போய் உட்கார வேண்டும். உட்காருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அத்தான் ஒருவர் சம்பளத்தில் இந்த வீடு ஓடாது. அதுவும் நிஜம்.

உன் சபதம் நல்ல சபதம். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உன்னை மாதிரி பத்துப் பேர் இருந்தால் எனக்கு அந்த வேலையே இருந்திருக்காது.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து படி என்றாய். உட்கார்ந்துதான் படித்தேன்.

பிறகு அலமாரியைத் திறந்து அந்த முப்பத்தொன்றையும் எடுத்தேன். விலைச்சீட்டை எல்லாம் கிழித்துப் போட்டேன். அத்தனையையும் இடது கோடியில் மாட்டிவிட்டேன். வரிசைச் சட்டத்தை நான் மீறியது இந்த ஒரு தடவைதான். திங்கட்கிழமை முதல் அவைதான் போட்டுக்கொண்டு போகிறேன். வெள்ளைச் சட்டையில் ஒரு வாடிக்கையாளர் குழந்தை காப்பியைக் கொட்டிவிட்டது. கறை முழுக்கப் போகவில்லை. முன்பென்றால் அழுதிருப்பேன். இப்போது சந்தோஷமாக இருந்தது, அது ஒரு மாதிரிப் பிழைத்துவிட்டது என்று தோன்றியது.

கையெழுத்து விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். போட்டால் போடு, வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலைக்கு யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். போடவில்லை என்றால் போடாதே, என் சம்பளத்தில் துணி வாங்குகிற பங்கு முழுசாக மிஞ்சுகிறது, அது உன் வீட்டுக்கு வரும். ஆனால் எனக்காக என்று எதையும் செய்யாதே. எனக்காக நீ செய்தது போதும்.

ஒன்றே ஒன்று மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 'ஆசைப்பட்டு' என்று எழுதச் சொல்கிறார்களே. நாலு உடுப்பு வைத்திருப்பவளைப் பார்த்து.

இருபத்திரண்டாம் தேதி நான் வேலை செய்யப் போவதில்லை என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். கடையில் இருப்பேன், ஆனால் என் கை ஓடாது.

தைரியமாகப் போ.

வாயாடி


மே 25

அடி வாயாடி,

இருக்கிறேன். சாப்பிட்டேன். அத்தான் இன்றைக்கு எனக்கும் சேர்த்துச் சமைத்தார், உப்பு மட்டும் மறந்துவிட்டார்.

விசாரணையில் மூன்று பேர். மேலாளர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மா, எழுதிக்கொள்ள ஒருவர். மேசையில் உன் ஒன்பதும் மடித்தபடி இருந்தன. பக்கத்தில் உன் நன்றிக் கடிதம். அந்த அம்மா அதைச் சத்தமாக வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இந்த ஒன்பது மட்டும்தானா, இன்னும் இருக்கா?" என்றார் மேலாளர். அவரிடம் வேறு அத்தாட்சி ஒன்றும் இல்லை. ஒன்பது என்று சொல்லியிருந்தால் ஒன்பதோடு போயிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. "நாற்பது" என்றேன். "எத்தனை வெட்டினேன்னும் கேளுங்க, சார். அதையும் எழுதிக்கட்டும்" என்றேன். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு மேலாளர் முகத்தைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போடத்தான் போனேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. வீட்டு வாடகை, வயசு, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது மேலாளர் நல்ல மனுஷன் மாதிரி, "கையெழுத்துப் போட்டுட்டு, இந்த ஒன்பதையும் இங்கயே நீங்களே வெட்டிடுங்கம்மா. விஷயம் இதோட முடிஞ்சுது" என்று கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

பேனாவை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். பச்சைக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டேன். கழுத்துக்குப் பின்னால் கடைப் பெயர் போட்ட லேபிள் இருக்கும் அல்லவா, அதன் தையலைக் கத்தரி நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். துணியில் ஒரு இழை கூட இழுபடவில்லை. ஒன்பதுக்கும் அப்படியே செய்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நிறுத்து என்று ஏனோ யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்பது லேபிளையும் மேலாளர் முன்னால் வைத்தேன். "இதுதான் சார் உங்க பேரு. பத்திரமா வெச்சுக்கங்க. துணி யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலை" என்றேன்.

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். யூனிபார்மைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பின்கட்டில் என்னோடு வெட்டுகிற மற்ற நாலு பேரும் எழுந்து நின்றார்கள். அந்த ஒன்பதையும் பிறகு யார் வெட்டினார்களோ தெரியாது. ஆனால் நான் வெட்டவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அழுதேன். பயம்தான், வேறென்ன. பயந்துகொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அக்கா


ஜூன் 7

என் அக்காவுக்கு,

முதலாளியம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உங்க அக்காவுக்கு எப்பக் கண்ணாடி வேணும்னாலும் இங்க வரச் சொல்லு" என்றார். அவருக்குத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான்.

பெருமையாக இருக்கிறது. என்னால்தானே என்று குத்தவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும், ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை.

நான் பணம் அனுப்பினால் அத்தானிடம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறாய். அரிசி அனுப்பட்டுமா என்றால் இருக்கிறது என்கிறாய். என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லேன், அக்கா. பிறந்ததிலிருந்து நீ எனக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாய். ஒரு பொருளாவது என்னிடம் கேட்டதுண்டா? ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் எழுதாதே, அதைப் படிக்கிற தெம்பு எனக்கில்லை.

வாயாடி


ஜூலை 2

அடி வாயாடி,

அத்தான் சுகம். நானும் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே.

ஆறு இடத்தில் வேலை கேட்டேன். ஐந்து இடத்தில் பழைய கடையில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். ஆறாவது, பஸ் பணிமனைக்கு எதிரே இருக்கிற சலவைக்கடை. துவைக்க வருகிற துணியில் கிழிசல், அறுந்த ஜிப், விட்டுப்போன பொத்தான், இதையெல்லாம் பார்த்துத் தைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமாம். நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், நாற்பதையும் சொன்னேன். கடைக்காரர் கேட்டுவிட்டு, "இங்க எதையும் வெட்ட வேண்டியதில்லைம்மா. கத்தரி நூலுக்கு மட்டும்தான்" என்றார். சம்பளம் முன்பை விடக் குறைவு. ஊசி பிடித்தால் விரல் வலிக்குமோ என்று பயந்தேன், வலிக்கவில்லை.

பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, சேர வேண்டும். கடைக்கு முன்பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி மேசை. எனக்கு இருந்த நாலு உடுப்பில் இரண்டு அந்தக் கடை யூனிபார்ம். அவை போய்விட்டன. மிச்சம் இரண்டில் ஒன்று முழங்கையில் நைந்துவிட்டது, ஒட்டுப் போட்டுவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன். உன் அலமாரியிலிருந்து எனக்கு ஒன்று அனுப்பு. நன்றாக இருப்பதாகப் பார்த்து எடுக்காதே. விருந்துக்கு வாங்கியதும் வேண்டாம். நீ அடிக்கடி போட்டு, துவைத்து, உன் உடம்புக்குப் பழகிப்போனது ஒன்று அனுப்பு. கறை இருந்தாலும் பரவாயில்லை, காப்பி கொட்டினதே கொடுத்தாலும் போட்டுக்கொள்வேன்.

கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குள் வந்து சேரட்டும்.

உன் அக்கா